கோயில் காசுல கேம்பிங் காடியா? எங்க லேண்ட்ரோவர் கூரையைப் பத்தி ஒரு நீண்ட விளக்கம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையா படிங்க.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்த ஆண்டுக் கூட்டத்துல ஒரு அண்ணன் எழுந்து கேட்டார்: "கோயில் காடி கூரையை வெட்டி அதுல மெத்தை போட்டிருக்கீங்க. கேமரன் மலையில அதை நிறுத்தி வச்சு எடுத்த படத்தையும் பார்த்தேன். உண்டியல் காசுல நீங்க சுத்துலா போறீங்களா?"

கூட்டத்துல சில பேர் சிரிச்சாங்க, எங்க பசங்களுக்கு முகம் சிவந்து போச்சு. ரெண்டு பேர் எழுந்து வெளியே போயிட்டாங்க. ஆனா ராத்திரி வீட்டுக்கு வந்து யோசிச்சப்போ, அந்த அண்ணன் கேட்டது நியாயம்தான்னு எங்க எல்லாருக்கும் தோணுச்சு. பொதுக் காரியம்னா கேள்வி வரத்தான் செய்யும், பதில் சொல்றது எங்க கடமை. கூட்டத்துல அவசரமா சொன்ன பதில் சரியில்லை. அதனால முழுசா இங்க எழுதுறோம். கணக்கு கீழே இருக்கு. கேமரன் படத்துக்கான பதிலும் இருக்கு.

முதல்ல கோயில் எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லணும். நாங்க இப்ப இருக்கிறது ஈப்போவுல, புந்தோங், மெங்லெம்பு, சிம்பாங் பூலாய்னு ஆளுக்கொரு தாமான்ல. ஆனா எங்க அம்மன் இருக்கிறது சுங்கை சிப்புட் பக்கம், ஒரு பழைய கித்தா தோட்டத்துல. இப்ப அங்க கித்தா மரம் ஒண்ணு கூட இல்ல, எல்லாம் செம்பனை. லயத்தை இடிச்சு வருஷம் ஆச்சு. ஆயக்கொட்டகை இருந்த இடம், பெரட்டுக் களம், பால் ஸ்டோர் எதுவும் இல்ல. மிச்சம் இருக்கிறது கோயிலும் அரச மரமும் ஒரு கிணறும்தான்.

நிலம் நம்முடையது இல்ல. தோட்டத்தை வாங்கின நிர்வாகம் கோயிலை அப்படியே விட்டு வச்சிருக்கு, திருவிழாவுக்கு கேட்டைத் திறந்து விடுது. அது பெரிய மனசு. ஆனா ஒரே ஒரு நிபந்தனை உண்டு. புதுசா ஒரு செங்கல் கூட வைக்கக் கூடாது. மண்டபம் கட்டக் கூடாது, தகரக் கொட்டாய் போடக் கூடாது. இந்த நாட்டுல பழைய தோட்டக் கோயில் பலதுக்கும் இதே நிலைமைதான்னு உங்களுக்கே தெரியும்.

இதுல யாருக்குக் கஷ்டம்? ஆடித் திருவிழாவுக்கு முதல் நாளே போய் சமைக்கிற அக்காமாருக்கும் பாட்டிமாருக்கும்தான். அன்னதானத்துக்கு காய்கறி வெட்டி முடிக்கவே ராத்திரி 12 மணி ஆயிடும். காலையில 4 மணிக்கு அடுப்பு மூட்டணும். நடுவுல ஈப்போவுக்குப் போய் வர நேரம் இல்ல. ஆம்பளைங்க நாங்க கோயில் திண்ணையில துண்டை விரிச்சுப் படுத்திருவோம். பொம்பளைங்க எங்க படுப்பாங்க? பத்து வருஷமா ஒரு வேன் சீட்டுல உட்கார்ந்தபடியே தூங்கியிருக்காங்க. துணி மாத்தணும்னா அரச மரத்துக்குப் பின்னாடி ரெண்டு பேர் சேலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்.

கூடாரம் போட்டுப் பார்த்தோம். ரெண்டு வருஷம். செம்பனைக் காட்டுல எலி அதிகம், எலி இருக்கிற இடத்துல நல்ல பாம்பு இருக்கும். ஒரு வருஷம் கூடாரத்துக்கு வெளியே ஒண்ணைப் பார்த்துட்டோம். அடுத்த வருஷம் மழை. பேராக் மழையைப் பத்தி சொல்லவே வேணாம். தைப்பிங்ல வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டும், எங்க பக்கம் அந்த அளவு இல்லாட்டியும் ஆடி மாசத்துல ஒரு ராத்திரி விடாம பெஞ்சா போதும், தரையில படுத்தவங்க பாடு அவ்வளவுதான்.

கட்டக் கூடாத இடத்துல ஒரு கூரை வேணும். ராத்திரி எழும்பி, காலையில இருந்த தடமே தெரியாம அடங்கிப் போற கூரை. அப்பதான் எங்க பார்வை லேண்ட்ரோவர் மேல போச்சு.

அந்தக் காடியை எல்லாரும் பார்த்திருப்பீங்க. 1994-ஆம் வருஷ டிஃபென்டர் 110. ஒரு அன்பர் குடும்பம் கோயிலுக்குக் கொடுத்தது. அவங்க அப்பா தோட்டத்துல தொரையோட லேண்ட்ரோவரை ஓட்டினவர். அந்த ஞாபகத்துல வாங்கி வச்சிருந்தாங்க. மழை பெஞ்சா அந்த செம்மண் ரோட்டுல வேற எந்தக் காடியும் ஏறாது. ஜெனரேட்டர், தண்ணித் தொட்டி, அரிசி மூட்டை எல்லாம் ஆறு வருஷமா அதுலதான் போகுது.

லேண்ட்ரோவருக்கும் எங்க ஊருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. முதல் லேண்ட்ரோவரை உலகத்துக்குக் காட்டினது 1948 ஏப்ரல் 30, ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில. அதே வருஷம் ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்ல மூணு வெள்ளைக்காரத் தோட்டக்காரங்களைச் சுட்டுக் கொன்னாங்க. அதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் வந்துச்சு, 1960 வரைக்கும் நீடிச்சது. லயத்தைச் சுத்தி முள்கம்பி, அளந்து கொடுத்த அரிசி, இரும்புத் தகடு அடிச்ச வண்டியில போன தொரைமார். இதெல்லாம் எங்க பாட்டிமார் சொல்லிக் கேட்டது. அந்தக் காலத்துல லேண்ட்ரோவர்னா தொரை காடி. நம்ம ஆளுங்க அதை ஓட்டுவாங்க, கழுவுவாங்க, பழுது பார்ப்பாங்க. உள்ள உட்கார மாட்டாங்க.

கூரையைத் தூக்குற யோசனை நாங்க கண்டுபிடிச்சது இல்ல. இங்கிலாந்துல ஃபோக்ஸ்டன் ஊர்ல மார்ட்டின் வால்டர் கம்பெனி 'டார்மோபீல்'னு ஒண்ணு செஞ்சுது. 1960-கள்ல லேண்ட்ரோவருக்கும் அதைப் போட்டாங்க. கூரை ஒரு பக்கமா பெட்டி மூடி மாதிரி திறக்கும், நடுவுல கோடு போட்ட துணி விரியும், ரெண்டு பக்கமும் ஸ்ட்ரெச்சர் மாதிரி படுக்கை. அதுக்கும் முன்னாடி, 1955 செப்டம்பர்ல லண்டன்ல கிளம்பின 6 மாணவர்கள் 2 லேண்ட்ரோவர்ல தாய்லாந்தைத் தாண்டி மலாயா வழியா 1956 மார்ச்சுல சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தாங்க. ஆக, இந்தக் காடியில ஊர் சுத்தித் தூங்குறது புதுசு இல்ல. நம்ம ஆளுங்க தூங்குறதுதான் புதுசு.

கடையில விக்கிற கூரைக் கூடாரத்தை வாங்கி மேல வச்சிருக்கலாமேன்னு கேப்பீங்க. நாங்களும் விலை விசாரிச்சோம். அது 50, 60 கிலோ இருக்கும். ஏறுறதுக்கு வெளிப்பக்கம் ஏணி. மழையில, இருட்டுல, சேலை கட்டிக்கிட்டு ஒரு அக்கா அந்த ஏணியில ஏறணும். அப்படியே ஏறிட்டாலும் காடி உள்ள நிமிர்ந்து நிக்க முடியாது. கூரையே எழும்பினா காடிக்குள்ளேயே நிமிர்ந்து நின்னு சேலை மாத்தலாம், உள்ளேயே சீட்டு மேல கால் வச்சு மேல போகலாம். கீழ ரெண்டு பேர், மேல ரெண்டு பேர். வெளிநாட்டுல ரெடிமேடா இந்தக் கூரை கிடைக்குது. கப்பல் கூலி, வரி எல்லாம் சேர்த்தா காடி விலையையே தாண்டிடும்.

சரி, நாமே செய்வோம்னு முடிவு பண்ணோம்.

கையில ரம்பத்தை எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு மாமா தடுத்தார். "முதல்ல பேப்பர், அப்புறம் வெட்டு." அவர் சொன்னது எவ்வளவு சரின்னு பிறகுதான் புரிஞ்சுது. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி காடியோட அமைப்பை நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது. ஜேபிஜே அனுமதி வேணும், பொறியாளர் கையெழுத்து போட்ட வரைபடம் வேணும், புஸ்பகோம் பரிசோதனை வேணும். இதுக்கே பல மாசம் ஓடிப் போச்சு. பசங்க பொறுமை இழந்துட்டாங்க. ஆனா கோயில் பேர் எழுதின காடி ரோட்டுல பிடிபட்டா அந்த அவமானம் யாருக்கு? இன்சூரன்ஸ் செல்லாம ஒரு விபத்து நடந்தா யார் பொறுப்பு? யாராவது இதே மாதிரி செய்ய நினைச்சா, தயவு செஞ்சு இந்தப் படியைத் தாண்டாதீங்க.

இனி வேலைக்கு வருவோம். சாதாரண காருக்குக் கூரையும் உடம்பும் ஒரே எலும்புக்கூடு. கூரையை வெட்டினா கார் தளர்ந்துடும். லேண்ட்ரோவருக்கு அடியில ஏணி மாதிரி தனி சேசிஸ் இருக்கு, கூரை அலுமினியத்துல செஞ்சு போல்ட் போட்டு மாட்டினது. போர் முடிஞ்ச காலத்துல இரும்புக்குத் தட்டுப்பாடு, அதனால அலுமினியத்துல ஆரம்பிச்சாங்க, அதுவே பழக்கமாச்சு. அதனால வெட்டலாம். ஆனா வெட்டினா பலம் போகாதுன்னு அர்த்தம் இல்ல. பக்கச் சுவர் ரெண்டையும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறதே அந்தக் கூரைதான். வண்டி உருண்டா நம்ம தலைக்கு மேல இருக்கிறதும் அதுதான். அதனால ஓட்டையைச் சுத்தி இரும்புச் சட்டம் ஒண்ணு கட்டாயம் வேணும்னு பொறியாளர் சொல்லிட்டார்.

ஓட்டை 1.15 மீட்டர் அகலம், 1.9 மீட்டர் நீளம். சுத்தி வர 6 இஞ்சி ஓரத்தை விட்டோம். மூலையைச் சதுரமா வெட்டக் கூடாது. முதல்ல மூலையில வட்டமா துளை போட்டு அப்புறம்தான் ஜிக்சா. சதுர மூலையில இருந்துதான் வெடிப்பு கிளம்பும். சேலைத் துணியில ஒரு சின்ன வெட்டு விட்டா அங்கிருந்து கிழியுற மாதிரி.

முதல் வெட்டு விழுந்தப்போ யாரும் பேசல. காடியைக் கொடுத்த குடும்பத்துல இருந்து பெரிய அக்கா வந்திருந்தாங்க. அவங்க அப்பா ஞாபகமா வச்சிருந்த காடி. ரம்பம் போட்ட சத்தத்துல கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. "பரவாயில்ல தம்பி, வெட்டுங்க. அப்பா இருந்திருந்தா அவரே பிடிச்சுக் கொடுத்திருப்பார்"னு சொன்னாங்க.

இரும்புச் சட்டத்தை அலுமினியத்து மேல நேரா வைக்கக் கூடாது. ரெண்டு உலோகமும் தொட்டுக்கிட்டு நடுவுல ஈரம் போனா அலுமினியம் வெள்ளைப் பொடியா உதிர ஆரம்பிச்சிடும். பழைய லேண்ட்ரோவர் கதவு ஓரத்துல நீங்களே பார்த்திருக்கலாம். நாங்க சட்டத்துக்குப் பெயிண்ட் அடிச்சு, நடுவுல ரப்பர் பட்டை வச்சு, போல்ட்டுக்கும் பூச்சு போட்டுத்தான் மாட்டினோம்.

வெட்டி எடுத்த துண்டை மூடியா போட முடியாது, ஓட்டையை விட மூடி பெருசா இருக்கணும். லூமுட் பக்கம் படகுக்கு ஃபைபர் அடிக்கிற ஒரு சீன அங்கிள் எங்களுக்கு மூடி செஞ்சு கொடுத்தார். நடுவுல லேசா மேடு வச்சார், தண்ணி தேங்கக் கூடாதுன்னு. உள்ள ஃபோம் ஒட்டினது வெயிலுக்காக. பழைய லேண்ட்ரோவர்ல வெப்ப நாட்டுக்குன்னே கூரை மேல இன்னொரு கூரை வச்சு நடுவுல காத்து ஓட விடுவாங்க. நாங்க அதே வேலையை ஃபோம்ல செஞ்சோம். எல்லாம் சேர்த்து மூடி 45 கிலோ.

கீல் முன்னாடியா பின்னாடியா? இதுக்கு ரெண்டு நாள் வாக்குவாதம். முன்னாடி வச்சோம். காரணம் எளிது. ஹைவேயில போகும்போது பூட்டு விட்டுப் போனா, முன்பக்கக் கீல் இருந்தா காத்து மூடியை அமுக்கும். பின்பக்கம் கீல் இருந்தா காத்து அதைத் திறந்து பிய்ச்சு எறியும்.

இப்ப எங்க பெரிய தப்பு. மூடியைத் தூக்க கேஸ் ஸ்ட்ரட் வேணும், காரோட பின்கதவைத் தூக்குதே அதேதான். "பலமா இருக்கட்டும்"னு 1,000 நியூட்டன்ல ஒரு ஜோடி வாங்கிட்டோம். பூட்டைத் திறந்ததும் மூடி துள்ளி எழும்பி ஒரு தம்பியோட தாடையில இடிச்சது. மூணு தையல். அப்புறம் அதை இழுத்து மூட நாலு பேர் தொங்க வேண்டியதா போச்சு. அந்தத் தம்பியோட அம்மாகிட்ட நாங்க கேட்ட மன்னிப்பை இங்கேயும் ஒரு தடவை கேட்டுக்கிறோம்.

உங்கு ஓமார் பொலிடெக்னிக்ல படிக்கிற நம்ம வீட்டுப் பிள்ளை ஒருத்தர் வந்து சுண்ணாம்புக் கட்டியில தரையிலயே கணக்கு போட்டார். மூடி 45 கிலோ. பாரத்தோட நடு, கீல்ல இருந்து 1 மீட்டர். ஸ்ட்ரட் தள்ளுற கோடு கீல்ல இருந்து 40 செண்டிமீட்டர். 45-ஐ 0.4-ஆல வகுத்தா 112 கிலோ சொச்சம். ரெண்டு ஸ்ட்ரட்டுக்குப் பிரிச்சா ஆளுக்கு 56 கிலோ, அதாவது 550 நியூட்டன். அவ்வளவுதான். "அங்கிள், வாங்குறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாமே"ன்னார். இன்னொண்ணும் சொன்னார்: உள்ள இருக்கிறது கேஸ், வெயில்ல பலம் கூடும், விடியக்காலையில குறையும், வருஷம் போகப் போகக் கசியும். அதனால ஆள் படுக்கும்போது ஸ்ட்ரட்டை மட்டும் நம்பக் கூடாது. ரெண்டு பக்கமும் இரும்பு முட்டுக்கம்பி வச்சோம். கம்பி மாட்டாம யாரும் மேல ஏறக் கூடாதுன்னு விதி.

அடுத்தது துணி. பிளாஸ்டிக் தார்ப்பாய் மலிவு, தண்ணி ஒரு சொட்டு இறங்காது. ஆனா உள்ள ரெண்டு பேர் மூச்சு விட்டா அந்த ஈரம் எல்லாம் துணியில முத்து முத்தா கோத்து, விடியக்காலையில முகத்துல சொட்டும். பருத்திக் கேன்வாஸ் மூச்சு விடும். நனைஞ்சா நூல் உப்பி நெருக்கமாகி தண்ணியைத் தடுக்கும். புந்தோங்ல ஒரு தையல்கார அண்ணன் கேன்வாஸ்ல தைச்சுக் கொடுத்தார், மூணு ஜன்னல், மூணுக்கும் கொசுவலை. சுத்தி ஒரு எலாஸ்டிக் கயிறு கோத்தார். மூடி இறங்கும்போது அது துணியை உள்பக்கமா இழுத்துக்கும், இடுக்குல மாட்டாது.

இந்தத் துணியைப் பத்தி எங்க பாட்டிகிட்ட "கித்தான் கூரை"ன்னு ஒரு தம்பி சொல்லப் போக, "என்னது, கித்தா கூரையா? நான் வெட்டின பாலுதானா அது?"ன்னு கேட்டாங்க. அன்னையில இருந்து எங்களுக்கு அது கித்தா கூரைதான்.

படுக்கைக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட், ரெண்டு துண்டு, பகல்ல முன்பக்கம் தள்ளி வச்சா பின்னாடி நிமிர்ந்து நிக்கலாம். பலகையில நிறைய துளை போட்டோம். துளை இல்லாட்டி மெத்தைக்கு அடியில ஈரம் தங்கி ஒரே வாரத்துல பூசணம். ஈரத் துணியோட மூடிட்டா, மறுநாள் வீட்டுக்கு வந்ததும் திறந்து காய வைக்கணும். இதை நாங்க ஒரு தடவை மறந்து, கறுப்புப் புள்ளியோட வாழுறோம்.

ரொம்ப முக்கியமானது: உள்ள நெருப்பே கூடாது. விளக்கு, கற்பூரம், சாம்பிராணி, கொசுவத்தி எதுவுமே கூடாது. சாமிக்குன்னாலும் கூடாது. ஜெனரேட்டரைத் தூரமா, காத்து அந்தப் பக்கம் அடிக்கிற இடத்துல வைக்கணும். அந்தப் புகையில வர்ற விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது, தூங்கினவங்க எழுந்திருக்க மாட்டாங்க.

பரிசோதனை முடிஞ்சு முதல் திருவிழா வந்துச்சு. ராத்திரி 11 மணிக்குக் கூரையைத் தூக்கினோம். அத்தனை பேர் சுத்தி நின்னு பார்த்தாங்க. ஆனா ஏற ஒருத்தரும் வரல. அக்காமாருக்குக் கூச்சம். "ஆம்பளைங்க எல்லாம் பார்த்துக்கிட்டு இருக்கீங்க, நாங்க எப்படி ஏறுறது?" எங்க புத்தியில அது உறைக்கவே இல்ல. இவ்வளவு கணக்கு போட்ட எங்களுக்கு, அவங்க ஏறும்போது நாங்க அங்க நிக்கக் கூடாதுன்னு தெரியல. எல்லாரும் கிணத்தடிக்குப் போயிட்டோம்.

முதல்ல ஏறினது யாருன்னு பிறகு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம். அந்தக் கித்தா பாட்டிதான். வயசு 74. பதினஞ்சு வயசுல உளியைப் பிடிச்சு, அதே தோட்டத்துல 38 வருஷம் பால் வெட்டினவங்க. "ஏணி வச்சு ரெட்டைக் கோடு மரமே வெட்டியிருக்கேன், இது என்ன பெரிய உசரம்"னு சொல்லி சீட்டு மேல கால் வச்சு ஏறிட்டாங்களாம்.

ராத்திரி 2 மணிக்கு மழை பிடிச்சது. நாங்க திண்ணையில சுருண்டு படுத்துக்கிட்டு அந்தக் கூரையையே பார்த்துக்கிட்டு இருந்தோம். இடது மூலையில கொஞ்சம் ஒழுகுச்சு, ஒரு அக்கா தலையணை நனைஞ்சது, அதை மறைக்க விரும்பல. அதுக்கப்புறம் அந்த மூலைக்கு ரப்பர் மாத்தியாச்சு. மத்தபடி நாலு பேரும் கால் நீட்டித் தூங்கினாங்க.

காலையில நாலு மணி இருக்கும். அடுப்பு மூட்ட எழுந்தோம். கேன்வாஸ் ஜன்னல் திறந்துச்சு. பாட்டி தலையை வெளியே நீட்டி, தூக்கம் கலையாத குரல்ல கேட்டாங்க:

"பெரட்டுக்கு மணி அடிச்சிருச்சா?"

எங்க யாருக்கும் பதில் சொல்ல வரல. லயத்தை இடிச்ச பிறகு அந்த மண்ணுல அவங்க தூங்கின முதல் ராத்திரி அது. கொஞ்ச நேரம் செம்பனை மரத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் அவங்களே சிரிச்சுக்கிட்டு, "அடுப்பு பத்த வச்சிட்டீங்களா இல்லையா?"ன்னு இறங்கி வந்தாங்க.

ஏழு மணிக்கு பக்தர்கள் வர ஆரம்பிச்சப்போ கூரை இறங்கிப் பூட்டியாச்சு. நிர்வாகத்துல இருந்து வந்தவர் சுத்திப் பார்த்தார். புதுசா ஒரு செங்கல் கூட இல்ல.

அதுக்கப்புறம் தைப்பூசத்துக்கும் காடி போச்சு. புந்தோங் மாரியம்மன் கோயில்ல இருந்து குனோங் சீரோ கல்லுமலைக்குக் காவடி போற வழியில எங்க தண்ணீர்ப் பந்தல் பக்கத்துல நிறுத்தினோம். கைக்குழந்தையோட வந்த தாய்மார் உள்ள உட்கார்ந்து பால் கொடுத்துட்டுப் போனாங்க. இதுக்குன்னு நாங்க திட்டம் போடல. ஒரு தாய் கேட்டாங்க, திறந்து விட்டோம். அப்புறம் வரிசை நின்னுச்சு.

இனி கணக்கு.

ஃபைபர் மூடி 3,200 வெள்ளி. இரும்புச் சட்டம், வெல்டிங் கூலி 1,850. கேன்வாஸ், தையல் 1,400. கேஸ் ஸ்ட்ரட் 340, இதுல தப்பா வாங்கின ஜோடி 180. கீல், பூட்டு, ரப்பர், சீலண்ட் 620. பிளைவுட், மெத்தை 780. பொறியாளர் வரைபடம், பரிசோதனைச் செலவு 1,650. மொத்தம் 9,840 வெள்ளி.

வந்த பணம்: தொண்டர்கள் 22 பேர் ஆளுக்கு 300 வீதம் 6,600. காடி கொடுத்த குடும்பம் 2,000. நாசி லெமாக் வித்து, பழைய இரும்பு போட்டு வந்தது 1,240. மொத்தம் 9,840. உண்டியல்ல இருந்து ஒரு சென் கூட எடுக்கல. ரசீது எல்லாம் செயலாளர்கிட்ட கோப்புல இருக்கு, யார் வேணும்னாலும் பார்க்கலாம்.

இப்ப கேமரன் மலை படம். அது உண்மை. எங்க பசங்க நாலு பேர் ஒரு சனி ஞாயிறு சிம்பாங் பூலாய் வழியா மேல போனாங்க. குளிர்லயும் பனியிலயும் துணி எப்படி இருக்குன்னு சோதிக்கப் போனோம்னு கூட்டத்துல சொன்னோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, பசங்களுக்கு ஆசை. பல மாசம் ராத்திரி ராத்திரியா கிரீஸ் கையோட வேலை செஞ்ச பிள்ளைங்க. ஆனா காடி கோயில் பேர்ல இருக்கு. அன்னைக்கு அடிச்ச டீசல் 140 வெள்ளி கோயில் கணக்குல எழுதப்பட்டிருக்கு. அது தப்பு. அந்த நாலு பேரும் பணத்தைத் திருப்பிக் கட்டிட்டாங்க, இந்த மாசக் கணக்குல வரும். கேள்வி கேட்ட அண்ணனுக்கு, இந்தத் தப்பைக் காட்டினதுக்கு நன்றி. கூட்டத்துல நாங்க குரலை உயர்த்தினதுக்கு மன்னிச்சுக்குங்க அண்ணே.

இனிமே காடி வெளியே போனா சாவி வாங்குறவர் பேர், காரணம், கிலோமீட்டர் மூணும் புத்தகத்துல எழுதணும். திருவிழா, தைப்பூசம், துக்க வீடு, வெள்ள நிவாரணம், இதுக்கு மட்டும்தான் போகும். சொந்தக் காரியத்துக்குக் கிடையாது, தலைவருக்கும் சேர்த்துத்தான்.

வர்ற ஆடித் திருவிழாவுக்கு முதல் நாள் சமையலுக்குக் கை வேணும். அக்காமாரே, இந்தத் தடவை படுக்க இடம் இருக்கு, தைரியமா வாங்க. மேல ரெண்டு இடத்துல ஒண்ணு ஏற்கனவே பாட்டி பேர்ல பதிவாயிடுச்சு. மிச்சம் ஒண்ணுதான்.

சந்தேகம் இருந்தா இங்கேயே கேளுங்க. அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேணாம்.

அம்மன் துணை. 🙏